கீசருக்கு டைமர் போட்டால் கரண்ட் பில் குறையுமா? காக்களூர் சிட்கோவில் உள்ள 'பீக் ஹவர்' கணக்கு வீடுகளுக்கு ஏன் இல்லை?

மார்கழி பிறந்தால் போதும், எலக்ட்ரிக்கல் கடைகளில் கீசர் விற்பனை சூடு பிடித்துவிடும். கூடவே ஒரு கேள்வியும் கிளம்பும். "ராத்திரியில கரண்ட் சீப்புன்னு சொல்றாங்களே அண்ணே, ஒரு டைமர் மாட்டிட்டா அதுவே ராத்திரியில தண்ணிய காய வெச்சிடும், பில்லும் பாதியா குறையும்ல?" வயரிங் வேலைக்குப் போகும் எலக்ட்ரீஷியன்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வெளிநாட்டில் எடுத்த யூடியூப் வீடியோக்களும் இதையேதான் சொல்கின்றன.

சுருக்கமான பதில் இதுதான். தமிழ்நாட்டு வீடுகளில் கீசர் ஓடும் நேரத்தை மாற்றுவதால் மட்டும் பில்லில் ஒரு ரூபாய்கூட குறையாது. ஆனால் கீசர் தேவையில்லாமல் ஓடும் நேரத்தை டைமர் குறைத்தால் பில் நிச்சயம் குறையும். சில வீடுகளில் நினைத்ததைவிட அதிகமாகவே குறையும். இன்னொன்றும் உண்டு. நாளைக்கே நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வீடுகளுக்கு வந்தாலும், மலிவான நேரம் நள்ளிரவாக இருக்க வாய்ப்பு குறைவு. அது நட்டநடுப் பகலாக இருக்கும்.

இந்த மூன்று விஷயங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காக்களூரில் ஒரே ஊர், இரண்டு கணக்கு

திருவள்ளூரை ஒட்டியிருக்கும் காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. ஆவின் பால் பண்ணையும் அதே ஊரில்தான். தொழிற்பேட்டையைச் சுற்றிலும் குடியிருப்புகள். தொழிற்கூடத்துக்கும் பக்கத்துத் தெரு வீட்டுக்கும் ஒரே மின்வாரியம்தான் கரண்ட் கொடுக்கிறது. ஆனால் இரண்டு இடத்துக்கும் பில் போடும் முறை வேறு.

தொழிற்கூடத்துக்குக் கடிகாரம் முக்கியம். காலை 6 மணி முதல் 10 மணி வரை, மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. இந்த 8 மணி நேரமும் 'பீக் ஹவர்', அதாவது உச்சநேரம். உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் தொழிற்சாலைகள் இந்த நேரத்தில் பயன்படுத்தும் மின்சாரத்துக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். இரவு 10 மணி முதல் அதிகாலை 5 மணி வரை பயன்படுத்தினால் 5 சதவீதம் தள்ளுபடி. சாதாரண நேரத்தில் 100 ரூபாய்க்கு ஓடும் மோட்டார், பீக் ஹவரில் 125 ரூபாய்க்கும் இரவில் 95 ரூபாய்க்கும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருப்பதுபோன்ற உருக்கு ஆலைகளுக்கு இந்த வித்தியாசம் பெரிய தொகை.

சிறு தொழில்களுக்கும் இந்த உச்சநேரக் கட்டணம் 2022 செப்டம்பரில் வந்தது. முதலில் 25 சதவீதம் என்றார்கள். குறு, சிறு தொழில் முனைவோர் கடுமையாக எதிர்த்ததும் அதே ஆண்டில் அது 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பிரச்சினை அதோடு முடியவில்லை. 'எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று அளக்கிற மீட்டரே மாட்டாமல் உச்சநேரக் கட்டணம் வாங்குவது எப்படி நியாயம்?' என்று கேட்டார்கள். 2023 செப்டம்பர் 25-ஆம் தேதி மாநிலம் முழுக்க தொழிற்கூடங்கள் ஒருநாள் மூடப்பட்டபோது, நிலைக் கட்டண உயர்வோடு சேர்த்து உச்சநேரக் கட்டணத்தையும் திரும்பப் பெற வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கையாக இருந்தது.

இந்த அனுபவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்கு நேரக் கணக்கு வரும்போது இதே கேள்விகள் நம் வாசலுக்கும் வரும்.

வீட்டு மீட்டர் எதைப் பார்க்கிறது?

வீட்டு இணைப்புக்கான கட்டணப் பட்டியலில் மணி என்று ஒரு பத்தியே கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருபவர் போன ரீடிங்குக்கும் இந்த ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எழுதுகிறார். அதிகாலை 2 மணிக்கு ஓடிய யூனிட்டும் சாயங்காலம் 7 மணிக்கு ஓடிய யூனிட்டும் மீட்டருக்கு ஒன்றுதான்.

வீட்டு பில்லைத் தீர்மானிப்பது மொத்த யூனிட். அதுவும் ஸ்லாப் கணக்கு. 2024 ஜூலை 1 முதல் நுகர்வோர் கட்டிவரும் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் கணக்கு இப்படிப் போகும்.

முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. சரியாக 500 யூனிட் ஓடினால் மொத்தம் 1,805 ரூபாய்.

501-ஐத் தொட்டால் கதையே வேறு. முதல் 100 யூனிட் இலவசம் என்பது அப்படியே இருக்கும். ஆனால் 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டுக்கும் 4 ரூபாய் 70 காசு ஆகிவிடும். அதாவது 101-லிருந்து 200 வரை கிடைத்த பாதிவிலைச் சலுகை போய்விடும். 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. 501 முதல் 600 வரை 8 ரூபாய் 40 காசு. 501 யூனிட்டுக்கு பில் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 243 ரூபாய்க்கு மேல் ஏறுகிறது.

2025 ஜூலையில் மின்கட்டணம் 3.16 சதவீதம் உயர்ந்தபோது வீடுகளுக்கு அந்த உயர்வு வரவில்லை. மாநில அரசே அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டது. அதனால் மேலே சொன்ன ஸ்லாப் கணக்கு அப்படியே தொடர்ந்தது.

ஆக, வீட்டைப் பொறுத்தவரை 'எப்போது ஓடியது' என்பது கேள்வியே இல்லை. 'மொத்தம் எவ்வளவு ஓடியது' என்பதுதான் கேள்வி.

அப்போ டைமர் வேஸ்ட்டா?

இல்லை. கீசர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் ஏன் என்று புரியும்.

வீடுகளில் அதிகம் இருப்பது 15 லிட்டர் அல்லது 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர், 2 கிலோவாட் காயில். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த, உதாரணமாக 26 டிகிரியிலிருந்து 56 டிகிரிக்குக் கொண்டுவர, சுமார் அரை யூனிட் போதும். 2 கிலோவாட் கீசர் இதை 16 நிமிடத்தில் முடித்துவிடும். 25 லிட்டர் என்றால் 0.87 யூனிட், சுமார் 26 நிமிடம்.

தண்ணீர் காய்ந்ததும் தெர்மோஸ்டாட் கரண்ட்டை நிறுத்திவிடும். ஆனால் சுவிட்ச் ஆனிலேயே இருந்தால் கீசர் ஓய்வெடுப்பதில்லை. உள்ளே இருக்கும் சூடு மெல்ல மெல்ல வெளியே கசியும். சில டிகிரி இறங்கியதும் காயில் மறுபடி ஓடும். யாருமே குளிக்காத மத்தியானத்திலும், எல்லோரும் தூங்கும் நடுராத்திரியிலும் இது நடந்துகொண்டே இருக்கும். இதைத்தான் 'ஸ்டாண்டிங் லாஸ்' என்கிறார்கள். கீசர் மீது ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிள் உண்மையில் சொல்வது இதைத்தான். ஸ்டார் அதிகமானால் இந்தக் கசிவு குறைவு. தண்ணீரைக் காய வைக்க ஆகும் மின்சாரம் 2 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பழைய கீசர் ஒன்று 24 மணி நேரமும் ஆனில் கிடந்து நாளுக்கு அரை யூனிட் இப்படி வீணாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 நாளில் 30 யூனிட். இதை டைமர் நிறுத்தினால் எவ்வளவு மிச்சம்?

உங்கள் வீட்டுக் கணக்கு 380 யூனிட் என்றால், 350 ஆகும். யூனிட்டுக்கு 4 ரூபாய் 70 காசு வீதம் 141 ரூபாய் மிச்சம்.

ஆனால் உங்கள் கணக்கு 520 யூனிட் என்றால்? பில் 2,208 ரூபாய். 30 யூனிட் குறைந்து 490-க்கு வந்தால் பில் 1,742 ரூபாய். மிச்சம் 466 ரூபாய்! அதே 30 யூனிட்தான். 500 என்ற கோட்டுக்குக் கீழே இறக்கிவிட்டதால் யூனிட்டுக்கு 15 ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது.

இப்போது இன்னொரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 520 யூனிட். அவர்கள் யூனிட்டைக் குறைக்கவில்லை. ஆனால் கீசரை டைமர் வைத்து அதிகாலை 2 மணிக்கு மாற்றிவிட்டார்கள். பில் எவ்வளவு? அதே 2,208 ரூபாய். சொல்லப்போனால் கொஞ்சம் கூடவும் வாய்ப்பு உண்டு. 2 மணிக்குக் காய்ந்த தண்ணீர் 6 மணி வரை சூட்டை இழந்துகொண்டே இருக்கும்.

எனவே தமிழ்நாட்டில் டைமரை இன்றைக்கு வைக்க வேண்டிய நேரம் நள்ளிரவு அல்ல. குளிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு. அதுதான் சரியான செட்டிங்.

'ராத்திரி கரண்ட் சீப்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

அது பொய் இல்லை. ஆனால் வேறு நாட்டின் கணக்கு, வேறு காலத்தின் கணக்கு.

அனல்மின் நிலையத்தையும் அணுமின் நிலையத்தையும் நினைத்தவுடன் நிறுத்தி, நினைத்தவுடன் ஓட்ட முடியாது. ஊர் தூங்கும்போதும் அவை ஓடித்தான் ஆக வேண்டும். அந்த மின்சாரத்தை யாராவது வாங்கினால் போதும் என்ற நிலை. அதனால் பிரிட்டனில் 1978-ல் 'எக்கானமி 7' என்ற கட்டண முறை வந்தது. இரவில் 7 மணி நேரம் மலிவு விலை. வீடுகளில் பெரிய வெந்நீர்த் தொட்டியை இரவில் காய வைத்துக் காலையில் பயன்படுத்தினார்கள். அணுமின்சாரத்தை அதிகம் நம்பியிருக்கும் பிரான்ஸிலும் இதே வழக்கம். மின்நிறுவனமே சிக்னல் அனுப்பி வீட்டு ஹீட்டரை இரவில் ஆன் செய்யும்.

இன்று அங்கேயே நிலைமை மாறிவிட்டது. சூரிய மின்சாரம் பெருகியதால் மதிய நேரத்தில் மின்சாரம் மிஞ்சுகிறது. பிரான்ஸ் 2025 நவம்பரில் தொடங்கி மலிவு நேரத்தில் ஒரு பகுதியை இரவிலிருந்து பிற்பகலுக்கு மாற்றி வருகிறது. ஆஸ்திரேலியாவிலும் இரவில் ஓடிய வெந்நீர் ஹீட்டர்கள் பகலுக்கு மாற்றப்படுகின்றன.

தமிழ்நாட்டுக்கு வருவோம். வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்கள் காக்களூர் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அவை ராத்திரியிலும் ஓடுகின்றன. ஆனால் மாநிலத்தின் மின்தேவையில் இப்போது சூரிய மின்சாரத்துக்குப் பெரிய பங்கு. மாநிலத்தின் உச்சபட்ச மின்தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கொளுத்தும் கோடைப் பகலில் சூரிய மின்சாரம் கை கொடுக்கிறது. சிக்கல் சாயங்காலம்தான். 6 மணிக்கு மேல் சூரியன் மறையும். அதே நேரம் வீடுகளில் லைட், ஃபேன், ஏசி எல்லாம் ஆனாகும். அந்தப் பற்றாக்குறைக்கு மின்வாரியம் சந்தையில் வாங்கினால், மின்சந்தையில் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கும் உச்ச விலையான யூனிட் 10 ரூபாய் வரைகூடப் போகும்.

காற்றாலை சீசனான மே முதல் செப்டம்பர் வரை ராத்திரியிலும் மின்சாரம் தாராளமாகக் கிடைப்பது உண்டு. ஆனால் கீசர் சீசன் அது இல்லை. கீசர் ஓடும் மார்கழி, தை மாதங்களில் காற்று குறைவு.

மத்திய அரசின் விதி என்ன சொல்கிறது?

2023 ஜூனில் மத்திய மின்துறை, மின்நுகர்வோர் உரிமை விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அதன்படி ஒரு நாள் மூன்றாகப் பிரிக்கப்படும். சூரிய நேரம், சாதாரண நேரம், உச்சநேரம். சூரிய நேரம் என்பது மாநில ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்யும் 8 மணி நேரம். அந்த நேரத்தில் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிட குறைந்தது 20 சதவீதம் மலிவாக இருக்க வேண்டும். உச்சநேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதமும், தொழில், வணிகத்துக்குக் குறைந்தது 20 சதவீதமும் கூடுதலாக இருக்க வேண்டும்.

10 கிலோவாட்டுக்கு மேல் தேவை உள்ள தொழில், வணிக நுகர்வோருக்கு 2024 ஏப்ரல் 1 முதல். விவசாயம் தவிர மற்ற எல்லோருக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள். இதுதான் விதி சொன்ன காலக்கெடு. ஸ்மார்ட் மீட்டர் மாட்டியவர்களுக்கு, மாட்டியவுடனேயே நேரவாரிக் கட்டணம் அமலாக வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

கவனியுங்கள். இந்த விதியில் 'இரவு மலிவு' என்ற பேச்சே இல்லை. மலிவு நேரம் என்று அது சொல்வது வெயில் நேரத்தை.

பக்கத்து மாநிலங்களில் எப்படி?

கேரளாவில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் வீடுகளுக்கு நேரவாரிக் கட்டணம் வந்துவிட்டது. காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு. மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் கூடுதல். இரவு 10-க்கு மேல் சாதாரணக் கட்டணம். அதாவது கேரளாவில் பகல்தான் மலிவு, ராத்திரி இல்லை.

மகாராஷ்டிராவில் 2025 ஜூலை முதல், ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்குக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை யூனிட்டுக்கு 80 காசு தொடங்கி தள்ளுபடி தருகிறார்கள்.

இலங்கையில் நேர்மாறு. அங்கே வீடுகள் விரும்பினால் தேர்ந்தெடுக்கும் நேரவாரிக் கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சநேரம். இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரைதான் மலிவு. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கும் சொந்தக்காரர் "நாங்க ராத்திரியிலதான் ஹீட்டர் போடுறது" என்று சொன்னால், அவருக்கு அது சரி. அதை அப்படியே திருவள்ளூரில் செய்தால் பலன் இல்லை.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஏன் வரவில்லை?

முதல் காரணம் மீட்டர். நேரம் வாரியாக அளக்க ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். சென்னை தி.நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் சோதனை முயற்சியாக மாட்டப்பட்டன. மாநிலம் முழுக்க மாட்டுவதற்கான டெண்டரில், சென்னை உள்ளிட்ட மாவட்டங்களுக்கான முதல் தொகுப்பு, கேட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்தானது. பிறகு மறுடெண்டர் வேலைகள் தொடங்கின. மீட்டர் வராமல் நேரக் கணக்கு வர முடியாது.

இரண்டாவது காரணம் இலவச யூனிட், ஸ்லாப், மானியம் என்று தமிழ்நாட்டின் வீட்டுக் கட்டணமே வேறு மாதிரி கட்டப்பட்டிருப்பது. 100 யூனிட் இலவசம் என்றால் அது எந்த நேரத்து 100 யூனிட்? மதியத்து மலிவு யூனிட்டை இலவசத்தில் கழிப்பதா, சாயங்காலத்து விலை கூடிய யூனிட்டைக் கழிப்பதா? 500 யூனிட் கோடு அப்படியே இருக்குமா? இதையெல்லாம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்டுத் தெளிவாக்கிய பிறகுதான் வீட்டுக்காரர் லாப நஷ்டம் பார்க்க முடியும்.

வந்தால் யாருக்கு லாபம், யாருக்குச் சுமை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கெட் வெந்நீருக்கு, 18 லிட்டர் தண்ணீரை 26-லிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர, சுமார் 0.3 யூனிட் ஆகும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கெட் என்றால் நாளுக்கு 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட்.

மத்திய விதியின் குறைந்தபட்ச அளவுகள் இங்கே வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். உச்சநேரத்தில் 10 சதவீதம் கூடுதலாகக் கட்டிக் காய வைத்த 72 யூனிட்டை, 20 சதவீதம் மலிவான வெயில் நேரத்துக்கு மாற்றினால் வித்தியாசம் 30 சதவீதம். 4 ரூபாய் 70 காசு ஸ்லாபில் இரண்டு மாதத்துக்கு சுமார் 101 ரூபாய் மிச்சம். 8 ரூபாய் 40 காசு ஸ்லாபில் சுமார் 181 ரூபாய். மதியம் காய வைத்த தண்ணீர் ராத்திரி வரை சூடு இழப்பதை இதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

பணம் கிடைக்கும், ஆனால் பெரிய தொகை இல்லை. அதையும் எல்லோராலும் எடுக்க முடியாது.

காக்களூர், கும்மிடிப்பூண்டி மாதிரி தொழிற்பேட்டை ஊர்களில் வீடுகள் ஷிஃப்ட் நேரத்துக்குத்தான் ஓடுகின்றன. காலை 6 மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் அதற்கு முன்பே குளித்தாக வேண்டும். பகல் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் சாயங்காலம் குளிப்பார். இரண்டும் பீக் ஹவர் பக்கம்தான். நல்ல இன்சுலேஷன் உள்ள ஸ்டோரேஜ் கீசர் சொந்தமாக வைத்திருப்பவர் மதியம் 2 மணிக்கு டைமர் வைத்து, சாயங்காலம் வந்து சூடாகக் குளிக்கலாம். மறுநாள் காலைக்கு அந்தச் சூடு தாங்காது. பக்கெட்டில் ஹீட்டர் ராட் போடும் வீட்டில் அந்த மதிய வழியும் கிடையாது. ராடை ஆளில்லாத வீட்டில் டைமரில் விடவும் கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

இதைவிட முக்கியமான ஒன்று, வாடகை வீடு. லைன் வீடுகளிலும் மாடி போர்ஷன்களிலும் வாடகைக்கு இருக்கும் பல தொழிலாளர்களுக்கு ஈபி பில் நேரடியாக வருவதில்லை. சப்-மீட்டர் ரீடிங்கைப் பார்த்து, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வீட்டு ஓனர் சொல்லும் ஒரே ரேட்டைக் கட்டுகிறார்கள். அந்தக் கணக்கில் 100 யூனிட் இலவசமும் இல்லை, கீழ் ஸ்லாப் சலுகையும் இல்லை. நாளைக்கு மதியத் தள்ளுபடி வந்தாலும் அது ஓனரின் பில்லில்தான் விழும். உச்சநேரக் கூடுதல் கட்டணம் வந்தால்? "ரேட்டு ஏறிடுச்சுப்பா" என்று அது மட்டும் கீழே இறங்கி வர வாய்ப்பு அதிகம்.

சிட்கோ சிறு தொழில்கள் கேட்ட கேள்வியின் வீட்டு வடிவம் இதுதான். தன் வேலை நேரத்தைத் தானே மாற்ற முடியாதவருக்கு, அளக்கிற மீட்டரே கையில் இல்லாதவருக்கு, நேரவாரிக் கட்டணம் சேமிக்கும் வாய்ப்பாக இருக்காது. அபராதமாகத்தான் தெரியும். விதியை வீடுகளுக்குக் கொண்டுவரும்போது ஒழுங்குமுறை ஆணையம் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

டைமர் வாங்கப் போறீங்களா? இதைக் கவனியுங்க

முதலில் ஆம்பியர். 2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். சீரியல் லைட்டுக்கும் மீன் தொட்டிக்கும் போடும் 6 ஆம்பியர், 10 ஆம்பியர் டைமரைக் கீசருக்கு மாட்டக் கூடாது. உருகிவிடும், தீப்பிடிக்கவும் செய்யும். குறைந்தது 16 ஆம்பியர் தாங்கும் டைமர், 16 ஆம்பியர் பவர் பிளக், தனி எம்சிபி. இந்த மூன்றும் இல்லாவிட்டால் டைமரே வேண்டாம்.

இரண்டாவது, கரண்ட் கட். முள் சுற்றும் மெக்கானிக்கல் டைமர், கரண்ட் போனால் அங்கேயே நின்றுவிடும். ஒரு மணி நேரம் கரண்ட் போனால் டைமரின் கடிகாரமும் ஒரு மணி நேரம் பின்னால் போகும். காலை 5.30-க்கு வைத்தது 6.30-க்குத்தான் ஓடும். பேட்டரி பேக்கப் உள்ள டிஜிட்டல் டைமரில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, எர்த். குளியலறையில் ஈரக்கையோடு தொடும் சாதனம் இது. எர்த் வயரும், கசிவு வந்தால் உடனே டிரிப் ஆகும் ஈஎல்சிபி அல்லது ஆர்சிசிபியும் இருக்கிறதா என்று தெரிந்த வயர்மேனை வைத்துப் பார்த்துவிடுங்கள். டைமரை பாத்ரூம் உள்ளே மாட்ட வேண்டாம்.

நான்காவது, தெர்மோஸ்டாட். கடைசிவரை திருகி வைக்கத் தேவையில்லை. சூடு கூடக்கூட ஸ்டாண்டிங் லாஸும் கூடும்.

இன்ஸ்டன்ட் கீசர் வைத்திருப்பவர்களுக்கு டைமரால் பலன் கிடையாது. 3 லிட்டர் அளவு தண்ணீரை அப்போதைக்கு அப்போது காய வைப்பதுதான் அதன் வேலை. குளித்ததும் கையால் அணைத்தால் போதும்.

கையால் அணைக்கும் பழக்கம் உள்ள வீட்டுக்கு ஸ்டோரேஜ் கீசரிலும் டைமர் கட்டாயம் இல்லை. "யாரு கடைசியா குளிச்சது, ஹீட்டர ஆஃப் பண்ணலையா?" என்ற சண்டை தினமும் நடக்கும் வீட்டுக்குத்தான் டைமர் உண்மையில் காசு மிச்சம் பிடித்துத் தரும்.

கடைசியாக என்ன செய்யலாம்?

போன பில்லை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாத யூனிட் 500-க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறதா? அப்படியானால் கீசரில் வீணாகும் 20, 30 யூனிட்தான் உங்கள் பில்லின் விலை கூடிய யூனிட்கள். டைமரோ, சுவிட்ச்சோ, எதை வைத்தாவது அதை நிறுத்துங்கள். 200-க்கும் 400-க்கும் நடுவில் இருக்கிறதா? மிச்சம் உண்டு, ஆனால் டைமர் விலையும் வயர்மேன் கூலியும் திரும்பி வர ஒன்றிரண்டு குளிர்காலம் ஆகும். 100-க்குள் இருக்கிறதா? பில்லே இல்லை, டைமரும் வேண்டாம்.

ஸ்மார்ட் மீட்டர் மாட்ட ஆள் வரும்போது ஒன்று கேட்டு வையுங்கள். எந்த மணி மலிவு, எந்த மணி கூடுதல், 100 யூனிட் இலவசம் எந்த மணியில் கழியும்? இதற்குப் பதில் கிடைத்த பிறகு டைமரின் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். அதுவரை குளிப்பதற்கு அரைமணி முன்பு ஆன், குளித்ததும் ஆஃப். அவ்வளவுதான்.